பிள்ளையை ஒப்படைக்கும் முன்னும் பின்னும்

இல்லங்களிலும் விடுதிகளிலும் பங்குகளிலும் சிறுவர் பாதுகாப்பு: குழுக்களுக்கான ஒரு பாடம்

வீட்டையும் நிலத்தையும் இழந்த ஒரு குடும்பம் கடைசிவரை கைவிடாத ஒன்று பிள்ளைகளின் படிப்பு. மண்சரிவில் லயம் போகலாம். கலவரத்தில் காணி போகலாம். ஆனால் "இதுகளாவது படிச்சு முன்னுக்கு வரட்டும்" என்ற எண்ணம் போவதில்லை. தற்காலிகக் கொட்டகையில் படிக்க விளக்கு இல்லை, இடம் இல்லை, பாடசாலையும் தூரம். ஆகவே யாராவது ஒருவர் ஒரு சிறுவர் இல்லத்தையோ பாடசாலை விடுதியையோ காட்டினால் நன்றியோடு பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறோம். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. 1977இலும் 1983இலும் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களுக்கும் இது புதிதல்ல. இலங்கையின் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அநாதைகள் அல்லர். தாயோ தந்தையோ உயிரோடு இருக்க, வறுமையும் இடப்பெயர்வும் குடும்பப் பிரிவும் அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன.

பிள்ளையைக் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அனுப்புவதன் அபாயத்தை நாம் அறியாதவர்கள் அல்லர். 2021 யூலையில், டயகமப் பகுதியிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்ற ஒரு சிறுமி தீக்காயங்களால் உயிரிழந்த செய்தி மலையகத்தையே உலுக்கியது. ஆனால் வேலைக்கு அனுப்பும்போது பயப்படுகிற நாம், "கோயில் நடத்தும் இடம்" என்றவுடன் பயத்தை இறக்கி வைத்து விடுகிறோம். சாமியும் சிஸ்டரும் இருக்கிற இடத்தில் என்ன நடந்துவிடப் போகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலான இடங்களில் அந்த நம்பிக்கை வீண்போவதில்லை. ஆயினும் சில இடங்களில் நடந்தவற்றை மறைத்துப் பேசுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகமாகும். ஆகவே மூன்று உண்மை நிகழ்வுகளை எடுத்து, அவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. உதகமண்டலம்: இடம் மாறிய மனிதர், கூடவே போகாத தகவல்

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நம் உறவினர் பலர் போய்க் குடியேறிய இடம் நீலகிரி. அங்கேயும் தேயிலை, அங்கேயும் லயம். அந்த மலையிலுள்ள உதகமண்டலம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த குரு ஜோசப் பழனிவேல் ஜெயபால், 2004இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள குரூக்ஸ்டன் மறைமாவட்டத்தில் பணியாற்றச் சென்றார். 2005இல் அவர் ஊர் திரும்பிய பின், அங்கு அவர் பணியாற்றிய இடத்தில் ஒரு சிறுமி தொடர்பாகவும், பின்னர் இன்னொரு சிறுமி தொடர்பாகவும் முறைப்பாடுகள் எழுந்தன. குரூக்ஸ்டன் ஆயர் உரோமைக்கு எழுதினார். மினசோட்டாவில் குற்றவியல் வழக்கும் தொடுக்கப்பட்டது.

ஆனால் இந்தியாவில் நடந்தது வேறு. அவர் ஒரு காலம் மடத்தில் செபத்தில் இருக்கும்படி அனுப்பப்பட்டார். அதன் பின் மறைமாவட்ட அலுவலகத்தில் அமர்ந்து, மறைமாவட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் நியமன வேலைகளைக் கவனித்து வந்தார். இது 2010இல் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. 2012 மார்ச்சில் தமிழ்நாட்டில் கைதானார். 2014இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2015இல் ஒரு சிறுமியிடம் தவறாக நடந்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த உடன்பாட்டின்படி மற்றைய சிறுமி தொடர்பான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஓராண்டும் ஒரு நாளும் சிறை என்பது தீர்ப்பு. காவலில் இருந்த காலம் அதற்கு ஈடாகக் கணக்கிடப்பட்டதால் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 2016இல் உரோமையுடன் கலந்தாலோசித்தபின் உதகை ஆயர் அவருடைய பணித்தடையை நீக்கினார். பாதிக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக் கொதித்தெழுந்தனர்.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, செபமும் தவமும் நல்லவை. ஆனால் அவை விசாரணைக்குப் பதிலாகா. பாவத்துக்குப் பரிகாரம் ஒன்று, குற்றத்துக்கு நீதி வேறொன்று. இரண்டாவது, ஒருவர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது அவரைப் பற்றிய தகவலும் போக வேண்டும். குருவானாலும், கன்னியரானாலும், உபதேசியாரானாலும், விடுதிக் காவலாளியானாலும் இது பொருந்தும். முறைப்பாட்டுக்கு ஆளான ஒருவர், விசாரணை முடியும்வரை பாடசாலைகளோடு தொடர்புள்ள எந்த வேலையிலும் இருக்கலாகாது.

2. கொட்டியூர்: தந்தை சுமந்த பழி

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் கொட்டியூர் என்ற மலையோரக் கிராமம். அங்குள்ள பங்குத்தந்தை றொபின் வடக்கும்சேரி, கோயில் சார்ந்த பாடசாலையின் முகாமையாளராகவும் இருந்தார். 2017 பெப்ரவரியில், அப்பாடசாலை மாணவியான 16 வயதுச் சிறுமி ஒரு குழந்தையைப் பெற்றாள். குழந்தை வயநாட்டிலுள்ள ஓர் இல்லத்துக்கு மாற்றப்பட்டது. பொலிசார் விசாரித்தபோது, அந்த ஏழைத் தந்தை குற்றம் தன்னுடையதே என்று சொன்னார். ஒரு தகப்பன் தன் மகளைக் கெடுத்தவன் நானே என்று சொல்லும் அளவுக்கு, மதிப்புக்குரிய ஒருவரைக் காப்பாற்றும் நெருக்குதல் அவர்மேல் இருந்ததென்றால், அதன் பாரத்தை எண்ணிப் பாருங்கள்.

உண்மை வெளிவர வழிவகுத்தது, பெயர் சொல்லாத ஒருவர் 1098 என்ற சிறுவர் உதவித் தொலைபேசிக்குச் சொன்ன தகவல். குரு கைதானார். வழக்கு நடந்தபோது சிறுமியும் பெற்றோரும் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அவளுக்கு அப்போதே 18 வயது நிறைந்துவிட்டது என்றார்கள். ஆனால் வைத்தியசாலைப் பிறப்புப் பதிவு அவள் வயதைக் காட்டியது. மரபணுப் பரிசோதனை குழந்தையின் தந்தை யார் என்று காட்டியது. 2019 பெப்ரவரியில் நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் 2021இல் கேரள உயர் நீதிமன்றம் அதைப் 10 ஆண்டாகக் குறைத்தது. அவர் குருத்துவ நிலையிலிருந்தும் நீக்கப்பட்டார். உடன் குற்றஞ்சாட்டப்பட்ட ஏனையோர் விடுவிக்கப்பட்டனர்.

இங்கும் இரு பாடங்கள். ஒன்று, பிறப்புச் சான்றிதழ். இடம்பெயரும்போது முதலில் தொலைவது அதுதான். அது இல்லாத பிள்ளையின் வயதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லலாம். தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுத்து வையுங்கள். மற்றது, சாட்சி சொல்பவர்கள் மனம் மாறுவது பெரும்பாலும் பொய்யினால் அல்ல, பயத்தினால். ஊரார் அந்தக் குடும்பத்தைச் சுற்றி நின்றால்தான் பயம் குறையும்.

3. மிஷனரிகளின் பிள்ளைகள்

இது ஏழைகளின் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதென்று நினைக்க வேண்டாம். ஆபிரிக்காவில் வேதம் போதிக்கச் சென்ற அமெரிக்க மிஷனரிகள் தங்கள் சொந்தப் பிள்ளைகளையே சபை விடுதிகளில் விட்டுச் சென்றார்கள். கினி நாட்டில் மாமு என்ற இடத்திலிருந்த விடுதிப் பாடசாலையிலும், செனகல் நாட்டில் பாண்டா என்ற இடத்திலிருந்த விடுதிப் பாடசாலையிலும் அப்பிள்ளைகளுள் பலர் அடியும் அவமானமும் பாலியல் துன்பமும் அனுபவித்தனர். மாமுவில் படித்தவர்கள் வளர்ந்து, வயது முதிர்ந்த பின்னரே, 1990களில், அவர்களுடைய சபை ஒரு சுயாதீன விசாரணைக் குழுவை அமைத்தது. பாண்டா பற்றிய விசாரணை அறிக்கை 2010இல் வெளிவந்தது.

இத்தனை காலம் ஏன் வாய் திறக்கவில்லை? வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் பொறுப்பாளர்கள் வாசித்தார்கள். "நீ முறையிட்டால் உன் அப்பாவின் ஊழியம் கெட்டுவிடும், ஆத்துமாக்கள் கெட்டுப்போகும்" என்ற எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் ஊட்டப்பட்டது. நம் பிள்ளைகளிடம் இதே பேச்சு வேறு வடிவில் வருகிறது: "முறையிட்டால் இடம் போய்விடும், தங்கச்சியையும் சேர்க்க மாட்டார்கள், வெளிநாட்டு உதவி நின்றுவிடும்." பிள்ளை தன் வாயைக் கட்டிக்கொள்வது தன்னைக் காக்க அல்ல, நம்மைக் காக்க.

4. மூன்றுக்கும் பொதுவானவை

இந்த மூன்று இடங்களையும் ஒப்பிட்டால் நான்கு காரணங்கள் தெரிகின்றன. முதலாவது, கேள்வி கேட்க முடியாத அளவு உயர்ந்த இடத்தில் ஒருவர் இருந்தார். இரண்டாவது, பெற்றோர் தூரத்தில் இருந்தனர் அல்லது தங்கள் வாழ்வுக்கு அந்த நிறுவனத்தையே நம்பியிருந்தனர். மூன்றாவது, நிறுவனத்தின் நற்பெயர் பிள்ளையின் காயத்தைவிடப் பெரிதாக எண்ணப்பட்டது. நான்காவது, முறைப்பாட்டைக் கேட்டு விசாரிக்க வேண்டியவர்கள் குற்றஞ்சாட்டப்பட்டவரின் சகோதரர்களாகவோ நண்பர்களாகவோ இருந்தனர்.

திருச்சபையின் நற்பெயரைக் காப்பாற்றுவது உண்மையை மறைப்பதால் அல்ல. சிறியோருக்கு இடறலாக இருப்பவனின் கழுத்தில் எந்திரக் கல்லைக் கட்டுவது நலம் என்று ஆண்டவர் சொன்னது, சிறியோரின் பக்கத்தில் நின்றுதான்.

5. திருச்சபைச் சட்டம் இன்று என்ன சொல்கிறது?

2019 மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு சட்டத்தை வெளியிட்டார். 2023இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. அதன்படி, இத்தகைய ஒன்றை அறிந்த அல்லது நியாயமாகச் சந்தேகிக்கிற ஒவ்வொரு குருவும் துறவியும் தாமதமின்றித் திருச்சபை அதிகாரியிடம் அறிவிக்கக் கடமைப்பட்டவர். ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் பொதுமக்கள் எளிதில் அணுகி முறையிடும் ஒழுங்கு இருக்க வேண்டும். முறையிட்டவரை மௌனமாக இருக்கும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. முறையிட்டதற்காகப் பழிவாங்கவும் முடியாது. ஒரு முறைப்பாட்டை மூடிமறைத்த ஆயரும் விசாரணைக்கு உட்பட்டவரே. இவை எதுவும் நாட்டுச் சட்டத்துக்குரிய கடமைகளைக் குறைப்பதில்லை என்றும் அச்சட்டம் சொல்கிறது. 2019 டிசம்பரில் இத்தகைய வழக்குகளுக்கு இருந்த 'பாப்பரசரின் இரகசியம்' என்ற கட்டுப்பாடும் நீக்கப்பட்டது.

ஆகவே, "உங்கள் மறைமாவட்டத்தில் முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது?" என்று கேட்பது அடக்கமின்மை ஆகாது. அது உங்கள் உரிமை.

ஒரு முக்கிய குறிப்பு. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எக்காரணம் கொண்டும் வெளியே சொல்ல முடியாது. ஆகவே ஒரு பிள்ளைக்கு நடந்த தீங்கைச் சங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லிவிட்டு "சாமிக்குத் தெரியும், பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிடாதீர்கள். அதற்கு வெளியே, நேரில் அல்லது எழுத்தில், மீண்டும் சொல்லுங்கள்.

6. நாட்டுச் சட்டம்

இலங்கை 1991இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, சிறுவர்க்கு எதிரான கொடுமை, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் ஆகியவை தனிக் குற்றங்களாயின. 16 வயதுக்குட்பட்ட சிறுமியோடு உறவு கொண்டவர் "அவள் சம்மதித்தாள்" என்று சொல்லித் தப்ப முடியாது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது. அதன் 1929 என்ற இலவசத் தொலைபேசிக்கு இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. பாதிக்கப்பட்டவர்க்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கேட்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் உண்டு.

இது இணக்க சபையில் பேசித் தீர்க்கும் வழக்கு அல்ல. தோட்டத் தலைவர், கோயில் கமிட்டி, பங்குச் சபை எவருக்கும் இதைப் பணத்தாலோ கலியாணத்தாலோ "முடித்து வைக்க" அதிகாரம் இல்லை. அப்படி முடித்து வைத்தால் குற்றம் மறைகிறதே தவிர முடிவதில்லை. அடுத்த லயத்துப் பிள்ளையிடம் அது தொடர்கிறது.

7. சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

இல்லத்தையோ விடுதியையோ பார்க்கப் போகும்போது தனியே போகாமல் இரண்டு மூன்று பெற்றோராகச் சேர்ந்து போங்கள். பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

இந்த இல்லம் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட்டதா? பதிவுப் பத்திரத்தைக் காட்டுவீர்களா?

எழுத்தில் அமைந்த சிறுவர் பாதுகாப்புக் கொள்கை உண்டா? தமிழில் உண்டா? பிள்ளைகளுக்கு அது வாசித்துக் காட்டப்பட்டதா?

இரவில் யார் பொறுப்பு? வளர்ந்தவர் ஒருவர் பிள்ளையைத் தனியறையில் வைத்துப் பேச, தன்னோடு படுக்க வைக்க, தனியே வெளியூர் அழைத்துச் செல்ல அனுமதி உண்டா?

வேலைக்குச் சேருமுன் ஊழியர்களின் முன்னைய இடங்களில் விசாரித்தீர்களா? விருந்தினராக வரும் வெளிநாட்டவர், உதவி வழங்குநர் பிள்ளைகளோடு தனித்திருக்கலாமா?

நாங்கள் முன்னறிவித்தல் இன்றி வந்து பிள்ளையைப் பார்க்கலாமா? பிள்ளை எங்களோடு தொலைபேசியில் தனியாகப் பேசலாமா?

இல்லத் தலைவர்மீதே முறைப்பாடு வந்தால் யாரிடம் கொடுப்பது?

நல்ல இல்லத்தை நடத்துபவர் இக்கேள்விகளைக் கேட்டுக் கோபிக்க மாட்டார், மகிழ்வார். கோபித்தால், அந்தக் கோபமே உங்களுக்கு ஒரு பதில்.

8. பிள்ளை சொன்னால்

பிள்ளைகள் நேராகச் சொல்வது குறைவு. "இனி போர்டிங்குக்குப் போக மாட்டேன்" என்று அடம்பிடிப்பார்கள். படுக்கையை நனைப்பார்கள். ஒருவர் பெயரைக் கேட்டவுடன் முகம் மாறும். அந்நேரம் "படிக்கப் பஞ்சிப்படுகிறாய்" என்று அதட்டி பஸ் ஏற்றிவிடாதீர்கள். அருகில் அமர்த்திக் கேளுங்கள்.

பிள்ளை சொல்லத் தொடங்கினால் பொறுமையாகக் கேளுங்கள். "சொன்னது நல்லதும்மா. ஒம்மேல தப்பு இல்ல. அம்மா பாத்துக்கிறேன்" என்ற சொற்கள் பெரிய மருந்து. "ஏன் முந்தியே சொல்லல்ல?" என்று கேட்காதீர்கள். திரும்பத் திரும்ப விசாரிப்பதும், பத்துப் பேர் முன்னால் சொல்லச் சொல்வதும் காயத்தைக் கிளறும், வழக்கையும் பலவீனப்படுத்தும். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, திகதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள்.

அண்மையில் நடந்ததென்றால், குளிப்பாட்டாமல், உடுப்பைக் கழுவாமல் ஒரு கடதாசிப் பையில் இட்டு, அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நோய்த் தொற்றையும் கருத்தரிப்பையும் தடுக்கும் மருந்துகள் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பயன்தரும். அங்கு சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்வார்கள். நாட்கள் கடந்திருந்தாலும் போகலாம், முறையிடலாம்.

பின்னர் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் முறையிடுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் பதியக் கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து இடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். பொலிசுக்குப் போகத் தயக்கமென்றால் முதலில் 1929க்குப் பேசுங்கள். திருச்சபை அதிகாரிக்கும் எழுதுங்கள்; ஆனால் அவருடைய பதிலுக்காகக் காத்திருந்து நாட்டுச் சட்டத்தைத் தாமதிக்க வேண்டாம்.

9. குற்றஞ்சாட்டப்பட்டவர்

குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதியே. ஆகவே அவரை அடிப்பதும், அறையை எரிப்பதும், பெயரைக் கைத்தொலைபேசியில் பரப்புவதும் கூடாது. இவை பிள்ளையின் அடையாளத்தையும் ஊருக்கெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். அதே வேளை, விசாரணை முடியும்வரை அவரைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைப்பது தண்டனை அல்ல; அது முன்னெச்சரிக்கை. அவர் நிரபராதி என்றால், ஒழுங்கான, வெளியார் நடத்திய விசாரணைதான் அவருடைய பெயரையும் மீட்டுத்தரும். மூடிய அறையில் "ஒன்றுமில்லை" என்று சொல்லப்பட்டவர்மேல் சந்தேகம் சாகும்வரை நிழலாய்த் தொடரும்.

10. ஊரில் செய்யக்கூடியது

குடியேற்றக் கிராமத்திலோ தோட்டத்திலோ ஐந்து பேரைக் கொண்ட ஒரு சிறு குழுவை அமையுங்கள். அதில் மூவராவது பெண்களாக இருக்கட்டும். பிள்ளைமடுவத்தைக் கவனிப்பவரும் ஓர் ஆசிரியரும் இருந்தால் நல்லது. வெளியே தங்கிப் படிக்கும் பிள்ளைகள் யார், எங்கே என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை முறை வைத்து யாராவது இருவர் போய்ப் பார்த்து வாருங்கள். பெற்றோர் கொழுந்துக்குப் போகாமல் நாட்கூலியை இழந்து போக வேண்டியிருப்பதால்தான் பல பிள்ளைகளை மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பஸ் கூலியை மாதர் சங்கத்தின் சேமிப்பிலிருந்து கொடுத்தால், ஒருவர் பயணத்தில் பத்துப் பிள்ளைகளுக்குத் துணை கிடைக்கும்.

யாராவது அடிக்கடி வந்து பார்க்கிற பிள்ளையை நெருங்கக் கெட்ட மனிதனும் யோசிப்பான்.

குழுவில் கலந்துரையாட

1. நம் ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் வெளியே தங்கிப் படிக்கிறார்கள்? கடைசியாக யார் போய்ப் பார்த்தார்கள்?

2. கொட்டியூர்த் தந்தையின் நிலையில் நம்மில் ஒருவர் இருந்தால், ஊரார் அவருக்கு எப்படித் துணை நிற்கலாம்?

3. எல்லாப் பிள்ளைகளிடமும் பிறப்புச் சான்றிதழ் உண்டா? இல்லாதவர்களுக்கு யார், எப்போது விண்ணப்பிப்பது?

4. நம் பங்கில், நம் பாடசாலையில் சிறுவர் பாதுகாப்புக் கொள்கை உண்டா என்று யார் போய்க் கேட்பது? அடுத்த கூட்டத்துக்கு முன் பதிலைக் கொண்டுவர முடியுமா?